மலைநீர் கடற்காற்றை எழுப்பிய மாலை

இடிக்கும் மின்னலுக்கும் நடுவே கம்பிகளோடு வாழ்ந்து, இன்று ஒரு மாலைக்கு மட்டும் நாற்காலியில் அமர ஒப்புக்கொண்டு, இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே!

எனக்கு முன்னே பேசி, எனக்கென்று கொஞ்சம் நேரத்தையும் கொஞ்சம் தமிழையும் மிச்சம் வைத்துப் போன பெருந்தகையீர்! முன்வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் முதியோரே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! கம்பம் ஏறும் கைகளே, கடல் தாண்டும் கால்களே, இடமில்லாமல் சுவரோரம் நின்றாலும் இன்முகம் மாறாத இளைஞர்களே! உங்கள் எல்லாரையும் இரு கை குவித்து வணங்குகிறேன்.

என்ன, பின்னால் கேட்கவில்லையா? மைக்காரத் தம்பி, கொஞ்சம் கூட்டுங்கள். ஊருக்கே மின்சாரம் அனுப்புகிறவர்களின் விழாவில் மைக் மயங்கிக் கிடந்தால் நாளைக்கு நாம் யார் முகத்தில் விழிப்பது?

நான் மேடைகளில் பழகியவள் அல்லள். சுமை பகிர்வு மையம் என்று ஓர் அறை இருக்கிறது. எந்த மின்நிலையம் எவ்வளவு கொடுக்க வேண்டும், எந்த நகரம் எவ்வளவு எடுக்கலாம் என்று பார்த்துப் பார்த்துப் பங்கிடும் அறை. சுவர் முழுக்கத் திரை, மேசை முழுக்கத் தொலைபேசி. அங்கே உட்கார்ந்திருப்பவள் நான். அணையை நான் தொட்டதில்லை. காற்றாலையில் ஏறியதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் குரல்கள். மலையிலிருந்து ஒரு குரல், கடற்கரையிலிருந்து ஒரு குரல். அந்த இரண்டு குரல்களுக்கு நடுவே ஒரு மாலைப்பொழுது நான் உட்கார்ந்திருந்த கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

அதோ மூன்றாவது வரிசையில், பெயரைச் சொல்லப் போகிறாளோ என்று தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாரே, அவர் மலை மின்நிலையத்தின் பொறுப்பாளர். நாங்கள் எல்லாரும் அவரைத் தண்ணி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். எழுந்து போகப் பார்க்கிறார்! கதவோரம் நிற்பவர்கள் கொஞ்சம் வழியை மறித்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பக்கத்தில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பவர் அவருடைய ஒரே தம்பி. கடல் காற்றாலைகளைப் பழுது பார்ப்பவர். கூட்டாளிகள் வைத்த பெயர் காத்தாடி. அவருக்கு அந்தப் பக்கம் கைத்தடியோடு உட்கார்ந்திருப்பவர் காத்தாடியின் கூட்டாளி, கோபுரம் ஏறும்போதெல்லாம் பாடிக்கொண்டே ஏறுவதால் பாட்டுக்காரர்.

அக்காவின் நிலையத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பேரவையோரே, அது மலையின் வயிற்றுக்குள் இருக்கிறது! மேலே ஏரி. அசையாமல், அலட்டாமல், ஆகாயத்தை மார்பில் ஏந்திக் கிடக்கும் ஏரி. அந்த நீரை ஒரு குழாயில் விடுகிறார்கள். பேருந்து ஒன்று தாராளமாய்ப் போய் வரக்கூடிய குழாய். மேலே பூனைபோல் படுத்திருந்த அதே நீர் கீழே வரும்போது புலியாக வருகிறது. பாய்ந்து வந்து சக்கரத்தில் மோதுகிறது, சக்கரம் சுழல்கிறது, மலை முழுக்க ஒரு முழக்கம் ஓடுகிறது. எங்கோ மூலையில் ஒரு குழந்தையின் தொட்டிலுக்கு மேலே விசிறி சுற்றுகிறது. எதை எரித்தோம்? எதையும் எரிக்கவில்லை. எதைக் குடித்தது அந்த எந்திரம்? எதையும் குடிக்கவில்லை. வந்த நீர் வந்தபடியே வெளியேறி, வயலுக்குப் போகிறது. இதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று உண்டென்றால் எனக்குக் காட்டுங்கள்!

உண்டு என்றார் தம்பி. கரை கண்ணுக்குத் தெரியாத நடுக்கடலில், அலைக்குள் கால் ஊன்றி, மேகத்துக்குள் தலை நுழைத்து, வரிசை வரிசையாய் நிற்கின்றன அவருடைய காற்றாலைகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று இறக்கைகள். ஒவ்வோர் இறக்கையும் நாம் கூடியிருக்கும் இந்த மண்டபத்தைவிட நீளம். உச்சியில் ஓர் அறை. வீட்டளவு பெரிய அந்த அறை, காற்று எந்தப் பக்கம் வந்தாலும் அந்தப் பக்கமாய் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

இப்படி இரண்டு அதிசயங்கள் ஒரே வயிற்றில் பிறந்தால் என்ன ஆகும்? சண்டை வரும்!

வந்தது. ஒரு விடுமுறை நாளில் வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். தம்பி சும்மா இருக்கக்கூடாதா? "அக்கா, உங்க மெஷினெல்லாம் தாத்தா காலத்து மாவு மில்லு. எங்க இறக்கை ஒரு சுத்து சுத்தினா ஒரு வீட்டுக்கு ஒரு நாள் கரண்ட்" என்றார்.

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே, "காத்து நின்னுடுச்சுன்னா?" என்றார்.

"மழை நின்னுடுச்சுன்னா?"

"மழை நின்னாலும் ஏரி இருக்கும்டா. நீ காத்தை எந்தப் பானையில புடிச்சு வெப்ப?"

அம்மா கரண்டியால் மேசையைத் தட்டி, "ரெண்டு பேரும் வாயை மூடிட்டுத் தின்னுங்க. இந்த வீட்டு பில்லை நான்தானே கட்டுறேன்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், இவர்கள் இருவரையும் தவிர. விளையாட்டாய்த் தொடங்கியது வினையாகிவிட்டது. தம்பி ஏதோ ஒரு சொல் கூடச் சொல்லிவிட்டார், அக்கா தட்டோடு எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு பல மாதம் பேச்சு இல்லை. தம்பி மனைவிதான் இரு பக்கமும் போன் போட்டு, ஒருவர் நலத்தை மற்றவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இவையெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. அன்றைக்கு, அந்தப் புயல் நாளில், மலைக் குரலும் கடலில் இருப்பவரும் ஒரே தாய் பிள்ளைகள் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

புயல் இரவில்தான் கரை தொடும் என்றார்கள். அது யாரையும் கேட்காமல் மதியமே வந்துவிட்டது. காத்தாடியும் பாட்டுக்காரரும் ஒரு காற்றாலையின் உச்சி அறையில் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை இறக்கிவிட்ட படகு திரும்பி வந்து ஏற்றிக்கொள்ள முடியாதபடி அலை எழுந்துவிட்டது. சரி, அறையிலேயே இருங்கள், காற்று தணிந்ததும் பார்க்கலாம் என்று கரை நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். அதில் ஆபத்து ஒன்றும் இல்லை. உண்ண உணவு உண்டு, படுக்கப் பை உண்டு.

ஆனால் தரையில் என்ன நடந்தது? ஒரு மின்கம்பிக் கோபுரம் சாய்ந்தது. அதன் சுமை அடுத்த கம்பியில் ஏறியது. அது தாளாமல் அறுந்தது. என் அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாய்ச் சிவந்து, சிவந்தவை ஒவ்வொன்றாய் அணைந்து, கடைசியில் ஒன்றுமே இல்லை. ஒரு நகரம் அல்ல, இரண்டு நகரம் அல்ல, மலை முதல் கடல் வரை மின்சாரம் என்ற ஒன்றே இல்லை! பட்டப்பகலில் வானம் கறுத்துக் கிடக்க, இலட்சக்கணக்கான வீடுகள் ஒரே நொடியில் ஊமையாயின. எங்கள் அறை மட்டும் பேட்டரியில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கோபுர உச்சியில், அறை ஒரு குலுங்கு குலுங்கியதில், பாட்டுக்காரர் ஏணியிலிருந்து விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. இரத்தம் பீறிட்டது. காத்தாடி தன் இடுப்பு வாரைக் கழற்றி இறுக்கிக் கட்டினார். கட்டிவிட்டு வயர்லெஸ்ஸில் கரையைக் கூப்பிட்டார்.

கரை நிலையத்து அலுவலர் எனக்குப் போன் செய்தார். "மேடம், மேல ரெண்டு பேரு மாட்டிக்கிட்டாங்க. ஒருத்தருக்குத் தொடை ஒடஞ்சிருச்சு, ரத்தம் நிக்கல. காத்து கொஞ்சம் தணியுது, ஹெலிகாப்டர் வரத் தயார்னு சொல்றாங்க. ஆனா உச்சி அறை காத்தைப் பாத்து நிக்குது. அதைப் பக்கவாட்டுல திருப்பி, இறக்கையைப் பூட்டினாத்தான் கயிறு இறக்க முடியும். திருப்புறதுக்குக் கரண்ட் வேணும் மேடம். இருட்டுறதுக்குள்ள வேணும்."

யாரோ கேட்கிறீர்கள், ஐயா, கேட்டது காதில் விழுந்தது. அவ்வளவு காற்று அடிக்கிறதே, காற்றாலை தன் மின்சாரத்தைத் தானே செய்துகொள்ளக் கூடாதா என்கிறீர்கள். நியாயமான கேள்வி! நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்ட கேள்வி. அந்த வகைக் காற்றாலை தானாக எழாது. அதன் இறக்கையைத் திருப்ப, தலையைத் திருப்ப, அதை உறக்கத்திலிருந்து உசுப்ப, முதலில் கரையிலிருந்து கொஞ்சம் மின்சாரம் போக வேண்டும். சுற்றிலும் சமுத்திரம் அளவு சக்தி சுழன்றடிக்கிறது, நடுவே அந்த அரக்கன் ஒரு கை தொட்டு எழுப்பக் காத்து நிற்கிறான்.

எழுப்பும் கை எங்கே இருக்கிறது? எல்லாம் செத்துக் கிடக்கும்போது, யாரிடமும் கையேந்தாமல் தானே கண் விழிக்கக்கூடிய நிலையம் எது? நீர்! நீர் ஒன்றுதான்! மலையைக் கூப்பிட்டேன்.

"அக்கா, எல்லாம் போயிடுச்சு. நீங்கதான் முதல்ல எழுந்திருக்கணும்."

"தெரியுது மேடம். இங்கயும் கும்மிருட்டு. டார்ச்சு வெச்சுக்கிட்டு நிக்கிறோம். சின்ன மெஷினைக் கையால தொறக்கப் போறோம்."

கையால்! பெரிய எந்திரங்களை எழுப்புவதற்கென்றே அங்கே ஒரு சின்ன எந்திரம் இருக்கிறது. அதன் நீர்வாயிலைத் திறக்க ஓர் இரும்புச் சக்கரம். பல்லாண்டாய் யாரும் அதற்கு வேலை வைக்கவில்லை. நான்கு பேர் தோள் கொடுத்தும் அது அசையவில்லை. அக்கா போனை மேசையில் வைத்துவிட்டுப் போனார். என் காதில் கேட்டதெல்லாம் மூச்சு, முனகல், இரும்பின் கிறீச்சிடல். பிறகு எங்கோ அடி ஆழத்தில் ஒரு சலசலப்பு. அது வளர்ந்து ஓசையாகி, ஓசை இரைச்சலாகி, இரைச்சல் முழக்கமாகி... பேரவையோரே, போன் வழியாகவே என் மேசை அதிர்ந்ததுபோல் இருந்தது. ஒரு பெண் குரல், வேறு யாரோ, "லைட்டு! லைட்டு வந்துடுச்சு!" என்று கத்தியது. அத்தனை பெரிய நிலப்பரப்பில் எரிந்த ஒரே விளக்கு அதுதான். மலைக்குள்ளே, மண்ணுக்குக் கீழே, மனிதக் கையால் ஏற்றிய ஒற்றை விளக்கு!

அந்தச் சின்னது பெரியதை எழுப்பியது. பெரியது கம்பிக்கு உயிர் ஊட்டியது. முதலில் யாருக்கு? பெருமருத்துவமனைக்கு. அங்கே ஜெனரேட்டர் அறையில் வெள்ளம் புகுந்திருந்தது. மூச்சுக் கருவியில் இருந்தவர்களுக்குச் செவிலியர் கையால் காற்று அழுத்திக்கொண்டிருந்தார்கள். மின்சாரம் போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்து ஒரு மருத்துவர், நன்றி என்றுகூடச் சொல்ல வராமல், "இருக்கு, இருக்கு, இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அடுத்தது கடல். இங்கேதான் கவனமாய்க் கேட்க வேண்டும். கடலடியில் கிடக்கும் கேபிள் மிக நீளம். அதில் மின்சாரத்தை விட்டால், மறுமுனையில் ஒரு விளக்குகூட எரியாவிட்டாலும், அழுத்தம் தானாகவே ஏறும். பல நிலையங்கள் சேர்ந்து ஓடும் பெரிய கட்டமைப்பு அதை ஏப்பம் விட்டுவிடும். அன்றைக்கு எங்களிடம் இருந்ததோ ஒரே ஓர் எந்திரம். அது தாங்காவிட்டால் எல்லாம் மறுபடி அணையும். மருத்துவமனையும் அணையும். தாங்குமா தாங்காதா என்று சொல்லக்கூடியவர், அந்த எந்திரத்தின் துடிப்பைக் கையில் வைத்திருப்பவர் ஒருவர்தான்.

கேட்டேன். "அக்கா, கடல் கேபிளைக் குடுக்கட்டுமா? உங்க மெஷினு தாங்குமா?"

அக்கா பக்கத்தில் யாரிடமோ எந்திரத்தின் அளவைப் படிக்கச் சொன்னார்.

"அக்கா, அங்க மேல ரெண்டு பேரு இருக்காங்க. ஒருத்தருக்கு ரத்தம் போய்க்கிட்டே இருக்கு. இருட்டிடும்."

"தெரியும் மேடம்."

"குடுக்கட்டுமா?"

"இப்ப வேணாம்."

அந்தக் குரலில் நடுக்கம் இல்லை. அதனால்தான் எனக்கு அப்போது கோபம்கூட வந்தது. என்ன மனுஷி இவர் என்று நினைத்தேன். அவரோ நிதானமாய்ச் சொன்னார்: "இப்பக் குடுத்தா மெஷினு தூக்கி எறிஞ்சிடும். ஆஸ்பத்திரியும் போயிடும். இன்னும் ரெண்டு ஊருக்குக் கரண்ட் குடுங்க, சுமை ஏறட்டும். நான் ரெண்டாவது மெஷினை எழுப்பறேன். அப்புறம் கேளுங்க."

தாய்மார்களே, அன்று காலையில் தம்பி மனைவி அக்காவுக்குப் போன் செய்து, "அவரும் பாட்டுக்காரரும் மட்டுந்தான் இன்னிக்குக் கடலுக்குப் போயிருக்காங்க, வானம் சரியில்ல, எனக்கு என்னவோ மாதிரி இருக்கு" என்று சொல்லியிருந்தார். மேலே இருப்பது தன் தம்பி என்று அக்காவுக்குத் தெரியும். இரத்தம் போவது தம்பிக்கா, கூட்டாளிக்கா? அது தெரியாது! நான் சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கே தெரியாது. அவர் கேட்கவும் இல்லை. கேட்டால், பதிலைக் காதில் வாங்கிவிட்டால், எந்திரத்தில் கவனம் நிற்காது என்று கேட்கவில்லையாம். ஒரு "ம்" சொன்னால் போதும், நான் சுவிட்சைப் போட்டிருப்பேன். ஒரே ஓர் எழுத்து! அதை அவர் சொல்லவில்லை. முகம் தெரியாத நோயாளிகளின் மூச்சுக்காகத் தன் கூடப்பிறந்தவனைக் காத்திருக்க வைத்தார்.

காத்திருந்தோம். ஒரு நகரம் எழுந்தது. இன்னொரு நகரம் எழுந்தது. ஜன்னலுக்கு வெளியே மேற்கு வானம் கிழிந்து, ஒரு செம்மை தெரிந்தது. கரையிலிருந்து மறுபடி போன்: "மேடம், இன்னும் கொஞ்ச நேரந்தான் வெளிச்சம் இருக்கும்." போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மலையிலிருந்து அந்தக் குரல் வந்தது. "ரெண்டாவது மெஷினு ஓடுது. இப்பக் குடுங்க மேடம்."

"தாங்குமா அக்கா?"

"தாங்கும். நான் புடிச்சுக்கறேன். குடுங்க."

போட்டேன். என் திரையில் முள் துள்ளியது. ஏறியது, ஏறியது, சிவப்பைத் தொட்டது. மலைக்குள்ளே ஒரு பெண் இரு கையாலும் அந்த அழுத்தத்தை அமுக்கிக்கொண்டிருந்தார். முள் நின்றது. தயங்கியது. மெல்ல, மெல்ல இறங்கி, நடுவில் வந்து உட்கார்ந்தது.

மலையில் பெய்த மழை, மலைக்குள் விழுந்து, மின்சாரமாகி, நகரங்களைத் தாண்டி, மணலைத் தாண்டி, மீன்கள் உறங்கும் ஆழத்தில் ஓடி, நடுக்கடல் கோபுரத்தில் ஏறியது! உச்சி அறையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. பம்புகள் முனகின. அந்த மாபெரும் தலை, காற்றுக்கு முகம் காட்டி உறைந்து நின்ற தலை, காத்தாடியின் ஒற்றை விரல் அழுத்தியதும் சாதுவாய், பணிவாய்ப் பக்கம் திரும்பியது. இறக்கையைப் பூட்டினார். ஹெலிகாப்டர் வந்தது. கயிறு இறங்கியது. கடைசி வெளிச்சத்தில் பாட்டுக்காரர் மேலே ஏறினார். அவரோடு காத்தாடிக்கும் இடம் இருந்தது. அவர் போகவில்லை!

"நான் இறங்கிட்டா இதை யாரு ஓட விடுறது? காத்து இப்பத்தான் பக்குவமா வீசுது. ஊரு பூரா இருட்டுல கெடக்கு" என்று வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டு, பூட்டைத் திறந்து, தலையைக் காற்றுக்குத் திருப்பினார். இறக்கைகள் அசைந்தன. பிறகு கரையிலிருந்து பக்கத்துக் காற்றாலையை எழுப்பினார்கள், அதற்கடுத்ததை எழுப்பினார்கள். கடலிலிருந்து முதல் மின்சாரம் கரைக்கு வந்தது. மலையில் அக்காவின் மீட்டரில் பாரம் கொஞ்சம் குறைந்தது.

"மேடம், என் மெஷினு லேசாகுதே. யாரு தோள் குடுக்குறாங்க?" என்று கேட்டார்.

"கடல்லேருந்து வருது அக்கா. அடிபட்டவரை ஏத்தி விட்டுட்டு, காத்தாடின்னு ஒருத்தரு இறங்க மாட்டேன்னுட்டாராம். அவருதான் ஓட விட்டிருக்காரு."

எந்திர முழக்கத்துக்கு நடுவே ஒரு விம்மல் கேட்டது. அப்போதுதான் கேட்டேன், "அக்கா, அவரு உங்களுக்கு யாரு?"

"என் தம்பி மேடம்."

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐயா, இன்னும் ஒரே ஒரு காட்சி, முடித்துவிடுகிறேன்.

மருத்துவமனை. பாட்டுக்காரர் காலில் கட்டோடு படுத்திருக்கிறார். காத்தாடி பக்கத்தில் நிற்கிறார். அக்கா வருகிறார். பல மாதமாய்ப் பேசாத இருவர். அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வர அவருக்குத் துணிவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னார்: "முதல்ல கேட்டப்ப நான்தான்டா வேணாம்னு சொன்னேன்."

"தெரியும்" என்றார் தம்பி.

"தெரியுமா?"

"கரையிலேருந்து வயர்லெஸ்ஸில சொன்னாங்க. மலையில ஒரு அம்மா இப்பத் தாங்காதுங்கறாங்க, காத்திருக்கணும்னு. நீதான்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. அதுவரைக்கும் எனக்குப் பயமாத்தான் இருந்துச்சுக்கா. அதுக்கப்புறம் பயமே இல்ல. நீ வேணாம்னா அது வேணாம்தான். நீ குடுன்னு சொன்னா, அது கண்டிப்பா வந்து சேரும்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். படுத்திருந்தவர்தான் பேசினார்: "ரெண்டு பேரும் அழுதது போதும், யாராவது எனக்குத் தண்ணி குடுங்கப்பா!"

அவையோரே! நீர் பெரிதா, காற்று பெரிதா என்று இனி யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? கதிரவன் கடலைத் தொட்டு மேகமாய்த் தூக்குகிறான், அது மலையில் இறங்கினால் நீர். அதே கதிரவன் வானைச் சுடவைத்து அசைக்கிறான், அது கடலில் வீசினால் காற்று. இரண்டும் தீராதவை. இரண்டும் யாருக்கும் சொந்தமில்லாதவை. நேற்றும் வந்தன, நாளையும் வரும், நம் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் வரும். இவ்வளவு பெரிய செல்வம் நம் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் ஓடிக்கொண்டிருக்கிறதே என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் அதைவிட ஒரு சிலிர்ப்பு உண்டு. அந்தப் பெருஞ்சக்தி அன்று ஒரு மனிதச் சொல்லுக்குக் காத்து நின்றது. வேண்டாம் என்ற சொல்லுக்கு நின்றது, குடுங்க என்ற சொல்லுக்கு நடந்தது. அந்தச் சொல் பொய்யாய் இருந்திருந்தால் மலையளவு நீர் இருந்தும் பயனில்லை, கடலளவு காற்று இருந்தும் பயனில்லை. மெய் சொல்லும் ஒரு நாக்கு, அதை நம்பும் ஒரு நெஞ்சு, இவை இரண்டும் இருந்ததால் அன்று நாடு விழித்தது!

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், கண் துடைத்துக்கொண்டே கேட்ட தாய்மார்களுக்கும், கடைசிவரை மைக்கை மயங்கவிடாமல் காத்த தம்பிக்கும், எனக்குக் குரலாய் மட்டும் இருந்து இன்று முகமாய் எதிரே அமர்ந்திருக்கும் அக்காவுக்கும் அவருடைய தம்பிக்கும் என் நெஞ்சின் நன்றி. இந்த நேரத்திலும் மலைக்குள்ளே ஒருவர் விழித்திருக்கிறார், கடல் நடுவே ஒருவர் விழித்திருக்கிறார். இங்கே வர முடியாத அவர்களுக்கும் சேர்த்து உங்கள் எல்லாருக்கும் வணக்கம் கூறி விடைபெறுகிறேன். வாழ்க நீங்கள்!